சித்தப்பாவை யார் பிழைக்க வைப்பது?

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம் மட்டும்தான். அங்கே நீங்களும் அண்ணனும் அப்பாவும் சுகமா? அப்பாவின் இருமல் விட்டதா?

போனில் நான் "ம்", "சரி" தவிர எதுவும் சொல்வதில்லை, உன்னோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று, எழுதியாவது தொலை என்று சொல்லி அனுப்பினீர்கள். எழுதுகிறேன். காகிதத்தில் எனக்கும் வாய் உண்டு.

பயிற்சி மையம் ஒரு பெரிய மருத்துவமனையின் நான்காவது மாடியில் இருக்கிறது. வகுப்பில் எல்லோரும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். அவசரப் பிரிவு நர்சுகள், ஆம்புலன்ஸில் போகிறவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர்கள். தலை முழுக்க நரைத்த டாக்டர் ஒருவரும் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார். "கத்துக்கிட்டது கொஞ்ச வருஷத்துல பழசாயிடுதும்மா. திரும்ப வந்து உக்கார வேண்டியதுதான்" என்றார்.

என் அறைத்தோழி ஆம்புலன்ஸ் அக்கா. மின்விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. நான் போர்வைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நடுங்குகிறேன். அதைக் குறைக்கலாமா என்று அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பாடம் ஒரு பொம்மையின் மேல் நடக்கிறது. ஆள் உயரம், ரப்பர் தோல். மூச்சு விடும், நாடி துடிக்கும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் மைக்கில் உட்கார்ந்துகொண்டு "நெஞ்சு அடைக்குதே" என்று அதற்காகப் பேசுவார். அதன் வழுக்கையைப் பார்த்து எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிறார்கள். சித்தப்பா ஒரே நாளில் பலமுறை சாகிறார். நேற்று என் பொறுப்பிலும் செத்தார்.

நான்தான் குழுத் தலைவி. கால்மாட்டில் நின்று நான்கு பேரை வேலை வாங்க வேண்டும். "யாராவது ஊசி போடுங்க" என்றேன். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானே ஓடிப்போய்ப் போட்டேன். மூச்சுப் பையை அழுத்த ஆளில்லை. அதையும் நானே செய்தேன். திரையில் இதயத் துடிப்பு கோணல்மாணலாக ஓடி நின்றதை ஒருவரும் பார்க்கவில்லை. பயிற்சி மேடம் சிரிக்காமல் சொன்னார்: "உன் கை ரொம்ப நல்ல கை. அதனாலதான் அவர் செத்தார்."

நம் ஊர் மருத்துவமனையில் புதிதாகக் கட்டிய அவசரப் பிரிவு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பாரே. உயிர்காக்கும் குழுவை நடத்தச் சான்றிதழ் வாங்கியவர் ஒருவர் இருந்தால்தான் திறப்பார்கள். அங்கிருக்கும் நர்சுகளில் அதற்காக அனுப்பப்பட்டவள் நான். தேறாவிட்டால் அடுத்த வருடம் வரை பூட்டுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நாம் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்போம்.

ஒரு ஆளிடம் ஒரு வேலை சொல்லத் தெரியாதவளைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள், பாருங்கள்.

உங்கள்
பூனை


ஜூன் 18

அன்புள்ள பூனைக்குட்டிக்கு,

இங்கே மூவரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். மாமாவின் இருமல் போய்விட்டது, பெருமைதான் வந்திருக்கிறது. பட்டறைக்காரர்கள், பால்காரர், வழியில் போகிறவர் எல்லோரையும் நிறுத்தி, "நம்ம வீட்டுல முதல் டிகிரி அவதான். இப்போ செத்தவங்கள எழுப்புற படிப்பு படிக்கிறா" என்கிறார். எதிர்வீட்டம்மா பயந்துபோய் என்னிடம் வந்து, "அதெல்லாம் ராத்திரியில செய்வாங்களாம்மா?" என்று கேட்டாள்.

உன் சித்தப்பா செத்ததற்கு வருந்துகிறேன். இப்போது சுகமா?

நான் சொல்வதைக் கேள். எங்கள் தையல் கம்பெனியில் ஒரே வரிசையில் அத்தனை மிஷின் ஓடும். அந்த இரைச்சலில் நான் எப்படி வேலை வாங்குகிறேன்? கத்துவேன். "ஏய், காலர் எங்கே!" என்று ஒரு சத்தம் போட்டால் கடைசி மிஷின் வரைக்கும் தூக்கிவாரிப் போடும். நம் வீட்டில் உன் பங்குச் சத்தத்தையும் சேர்த்து நானே போட்டுவிட்டதால் உனக்குப் பழக்கமில்லாமல் போய்விட்டது. கத்து. வெட்கப்படாதே. அவர் செத்தவர்தானே, கோபித்துக்கொள்ளவா போகிறார்?

உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா சாப்பிடச் சொல்லு" என்கிறார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வராது. உங்கள் இரண்டு பேரையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு வீட்டை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்யப்போகிறேன். நீ வரும்போது வீடு பளபளவென்று இருக்கும்.

அன்புடன்
அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். அங்கே எல்லோரும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும்.

கத்தினேன் அண்ணி. கண்ணை மூடிக்கொண்டு "ஊசி!" என்று கத்தினேன். மருந்து எடுத்துக்கொண்டிருந்த பெண் தட்டையே கீழே போட்டுவிட்டாள். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த நரைத்த டாக்டர் கையை எடுத்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கில் இருந்தவர் மறந்துபோய் "ஐயோ அம்மா!" என்றார். அதாவது செத்துக் கிடந்த சித்தப்பா அலறினார். வகுப்பு முழுக்கச் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டது. நானும்தான்.

மேடம் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் சத்தத்தையா கேட்டேன்? நீ யாருக்குச் சொல்றேன்னுதானே கேட்டேன். 'யாராவது'ன்னு ஒரு ஆள் இந்த ரூம்ல இருக்காரா? அவர் வரவே மாட்டார்" என்றார்.

அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் அவரவர் வேலை எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். நெஞ்சு, மூச்சு, மருந்து, நேரம். தலைவி அந்த ஆளின் கண்ணைப் பார்த்து வேலையைச் சொல்ல வேண்டும். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். செய்து முடித்ததும் "முடிஞ்சது" என்று மறுபடி சொல்ல வேண்டும். அதுவரை அந்த வேலை நடக்கவில்லை என்றே கணக்கு. தலைவி எதையும் தொடக்கூடாது. தொட்டால் பார்வை அந்த ஒரு இடத்தில் விழுந்துவிடும், மற்றதெல்லாம் கண்ணை விட்டுப் போய்விடும்.

இப்போது சாப்பாட்டு அறையிலும் சீட்டுப் பெயர்தான். "மூச்சு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ", "நெஞ்சு, எழுந்திரு, வகுப்புக்கு நேரமாச்சு." நரைத்த டாக்டர்தான் நெஞ்சு. "என்னை அதட்டும்மா, சும்மா அதட்டு. வீட்டுல பழக்கம்தான்" என்கிறார்.

ஒட்டடை அடித்தாயிற்றா? பதில் எழுதுங்கள்.

உங்கள்
பூனை


ஜூலை 24

அன்புள்ள பூனைக்குட்டிக்கு,

நலம். எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை.

செத்த சித்தப்பா அலறியதைக் கேட்டு மாமாவுக்குப் புரையேறிவிட்டது.

நீ எழுதியிருந்த முறையை இன்னும் கொஞ்சம் விளக்கி எழுது. இருந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே எல்லா வேலையும் நடக்குமா? சொல்கிற ஆள் படுத்திருந்தாலும் நடக்குமா? கம்பெனியில் பயன்படும் என்று கேட்கிறேன். "யாராவது தண்ணி கொண்டாங்க" என்றால் உண்மையிலேயே யாரும் வருவதில்லை. நானும் கவனித்தேன்.

பென்சிலில் எழுதியிருப்பதைத் தப்பாக நினைக்காதே. பேனா கிடைக்கவில்லை.

அன்புடன்
அண்ணி


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதமானாலும் கடிதம் கண்டு நிம்மதி. ஆனால் அது ரொம்பச் சின்னக் கடிதம். உடம்பு சரியாகத்தானே இருக்கிறது?

முதலில் கெட்ட செய்தி. நடுத்தேர்வில் நான் தேறவில்லை. நன்றாகத்தான் ஆரம்பித்தேன். மருந்துப் பெண்ணுக்கு நரம்பு கிடைக்கவில்லை. தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த நரம்பு தூரத்திலிருந்தே தெரிகிறது. கை துறுதுறுத்தது. போய் வாங்கிப் போட்டுவிட்டேன், ஒரே குத்தில். திரும்பிப் பார்ப்பதற்குள் மூச்சுக்குழாய் நழுவியிருந்தது. மேடம் தாளில் ஒரு கோடு போட்டார். இனி ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை இறுதித் தேர்வு. அதுதான் கடைசி வாய்ப்பு.

நல்ல செய்தியும் உண்டு. மேடம் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார், தினமும் ஒருவரிடம் ஒரு வேலை சொல்ல வேண்டும் என்று. முதல் நாளே துணிந்து ஆம்புலன்ஸ் அக்காவிடம், "அக்கா, நீங்க ஃபேனைக் குறைக்கணும்" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார். "அடிப்பாவி! உனக்குக் காத்து வேணும்னு நெனச்சு நான் ஒண்ணரை மாசமா விறைச்சுக் கிடக்கேன்!" என்றார். இப்போது இருவரும் நன்றாகத் தூங்குகிறோம்.

உங்கள் கேள்விக்குப் பதில்: படுத்துக்கொண்டும் செய்யலாம். வாய் ஒன்றுதான் வேண்டும், அது உங்களிடம் நிறையவே உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்ல வையுங்கள். அவர் செய்கிற விதம் பிடிக்காவிட்டாலும் பிடுங்கிச் செய்யாதீர்கள். இதில்தான் நான் விழுந்தேன்.

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் என் அன்பு.

உங்கள்
பூனை


ஆகஸ்ட் 8

அன்புள்ள பூனைக்குட்டிக்கு,

உடம்பெல்லாம் சரியாகவே இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு கோடு போட்டதற்காகத் துவண்டுவிடாதே. துணியில் கோடு போட்டால்தான் வெட்டவே முடியும்.

உன் முறையை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். உன் அண்ணன் சட்டையில் 'அடுப்பு' என்று சீட்டு ஒட்டினேன். மாமா சட்டையில் 'தண்ணி' என்று ஒட்டினேன். அவர் அப்படியே வாசலில் போய் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் விடுவிடுவென்று உள்ளே வந்து, "வேற பேரு குடும்மா. இந்த வயசுல எனக்கு இது தேவையா?" என்றார். இப்போது அவர் 'டீ'.

"டீ, நீங்க எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டு வரணும்" என்பேன். "ஒரு டம்ளர் டீ கொண்டு வரேன்" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து நின்று சொல்வார். கொண்டுவந்து வைத்துவிட்டு, "முடிஞ்சது!" என்று ஒரு குரல். தெருவுக்கே கேட்கும்.

உன் அண்ணன் கதை வேறு. "அடுப்பு, குழம்பைக் கிளறுங்க" என்றேன். "குழம்பைக் கிளறுறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "கிளறி முடிஞ்சது" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "கருகியும் முடிஞ்சது. அதையும் சொல்லணும்ல?" என்றார்.

ஓடிப்போய்க் கரண்டியைப் பிடுங்கலாம் போலிருந்தது. பிடுங்கவில்லை. கருகியதையே சாப்பிட்டோம். மறுநாள் கருகவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவருக்குச் சமைக்க வரும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அண்ணி


ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணிக்கு,

அப்பாவும் அண்ணனும் நலம் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. நீங்கள் நலமில்லை என்றும் தெரிகிறது.

மூன்று வாரமாகப் பென்சில். முதலில் பேனா இல்லை போலும் என்றுதான் நினைத்தேன். நம் வீட்டில் பேனாவுக்கா பஞ்சம்? நேற்று வார்டுப் பயிற்சிக்குப் போனபோது, கால் உடைந்து மல்லாந்து படுத்திருந்த ஒருவர் என்னிடம், "பென்சில் குடு சிஸ்டர், பேனா மேல் பார்த்துப் பிடிச்சா எழுத மாட்டேங்குது" என்றார். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அறைக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் மேல்நோக்கி ஏறுகிறது. கம்பெனியைப் பற்றி ஒரு வரி இல்லை. டீ உங்களிடம் வருகிறது, குழம்பு உங்களிடம் வருகிறது, நீங்கள் ஒரு முறைகூட எங்கும் நடந்து போகவில்லை. உடனே போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கேன், நீ படி" என்றீர்கள். கேட்க நினைத்தது நிறைய. வாயில் வந்தது "ம்" மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை, 28ஆம் தேதி வண்டிக்குச் சீட்டு எடுக்கப்போகிறேன். தேர்வை அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். நோயாளியை விட்டுவிட்டு நான் பொம்மையோடு என்ன செய்வது? அண்ணனும் அப்பாவும் ஆண்பிள்ளைகள், எவ்வளவு நாள் தாங்குவார்கள்? நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
பூனை


ஆகஸ்ட் 20

அன்புள்ள பூனைக்கு,

இதுவும் பென்சில்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது?

ஒட்டடை அடிக்க ஸ்டூல் மேல் ஏறினேன். கை எட்டவில்லை, எம்பினேன். ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பி வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். நன்றாகக் கூடிவருகிறது என்று டாக்டர் சொன்னார். அடுத்த வாரம் ஊன்றுகோலோடு நடக்கலாம். இதுதான் மொத்தக் கதையும். சொன்னால் நீ அன்றே மூட்டை கட்டுவாய் என்று சொல்லவில்லை. கட்டத்தானே பார்க்கிறாய்?

ஆனால் ஒன்று கேள். நான் ஸ்டூலில் ஏறியபோது உன் அண்ணன் எங்கே இருந்தார் தெரியுமா? அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில். ஆறடி ஆள். கையை நீட்டினால் கூரை. "இந்த மூலையை நீங்க அடிங்க" என்று எனக்கு வாயில் வரவில்லை. ஊரையே கத்தி வேலை வாங்குகிறவளுக்கு வீட்டில் ஒரு வேலை சொல்ல வரவில்லை. நீ பேசாமல் எல்லாவற்றையும் செய்வாய், நான் கத்திக்கொண்டே எல்லாவற்றையும் செய்வேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ இப்போது வந்தால் என்ன நடக்கும்? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் கையிலிருக்கும் கரண்டியை வாங்குவாய். மாமாவின் டம்ளரை வாங்குவாய். ஒரே நாளில் இரண்டு பேரும் பழையபடி நாற்காலிக்குப் போய்விடுவார்கள். இத்தனை நாள் படுத்துக்கொண்டே நான் சம்பாதித்ததெல்லாம் போச்சு. நம் மருத்துவமனையின் அந்த அறைப் பூட்டும் திறக்காது.

அதனால் முறைப்படி சொல்கிறேன். கண்ணைப் பார்ப்பதாக வைத்துக்கொள். நீ, வேறு யாரோ அல்ல, நீ, திங்கட்கிழமை சித்தப்பாவின் கால்மாட்டில் நிற்க வேண்டும். திருப்பிச் சொல்.

அண்ணி


ஆகஸ்ட் 23

அண்ணிக்கு,

திங்கட்கிழமை சித்தப்பாவின் கால்மாட்டில் நிற்கிறேன்.

காலை இரண்டு தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள்தான். திருப்பிச் சொல்லுங்கள்.

பூனை


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கால் விரல்கள் சுகம் என்று அண்ணன் ஒரு வரி எழுதியிருந்தார். அண்ணன் எழுதிய முதல் கடிதம். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தேறிவிட்டேன்.

இதற்கு மேல் எழுத ஓடவில்லை, ஆனாலும் நீங்கள் முழுசாகக் கேட்பீர்கள். சித்தப்பா வழக்கம்போல் "நெஞ்சு அடைக்குதே" என்றார். கண் செருகியது. "நெஞ்சு, நீங்க அழுத்த ஆரம்பிங்க" என்றேன். நரைத்த டாக்டர் "அழுத்துறேன்" என்று ஆரம்பித்தார். என் குரல் பெரிதாக இல்லை. ஆனால் அறை அமைதியாக இருந்தது, அதனால் போதுமாக இருந்தது. மேடம் முன்பே சொல்லியிருந்தார், நீ மெதுவாகப் பேசினால் அவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள் என்று.

பிறகு அதேதான் வந்தது. மருந்துப் பெண்ணுக்கு மறுபடியும் நரம்பு கிடைக்கவில்லை. அவள் நெற்றியில் வியர்வை. எனக்குக் கை நீண்டது அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டேன். கருகுகிற குழம்பை நீங்கள் படுத்துக்கொண்டே பார்த்தது நினைவுக்கு வந்தது. "மருந்து, நரம்பை விடுங்க. நீங்க எலும்பு வழியா ஊசி போடுங்க" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எலும்பு வழியா போடுறேன்." போட்டாள். "முடிஞ்சது!" அந்தக் குரலில் அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

கை சும்மா இருந்ததால் எனக்குக் கண் இருந்தது. நரைத்த டாக்டர் களைத்து, அழுத்தத்தின் ஆழம் குறைவதைப் பார்த்தேன். "நெஞ்சு, நீங்க விலகுங்க. மூச்சும் நெஞ்சும் இடம் மாறுங்க." அவ்வளவு பெரிய டாக்டர், "விலகுறேன்" என்று ஒதுங்கினார். திரையில் கோணல்மாணல் கோடு. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மின் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னேன். கோடு ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு டிக், டிக், டிக்.

மைக்கில் சித்தப்பா, "எம்மா, எனக்கு என்ன ஆச்சு?" என்றார். தேர்வு என்பதையே மறந்து, "ஒண்ணுமில்ல சித்தப்பா, பிழைச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைத்தட்டல்.

மேடம் தாளை மூடிவிட்டுக் கேட்டார்: "உன் கை எங்க இருந்துச்சு?"

"பின்னாடி மேடம்."

"நான் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அப்போதுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

நம் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி அவசரப் பிரிவைத் திறக்கிறார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள். செத்தவர்களை எழுப்புவதாக மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை, 12ஆம் தேதி காலை வண்டியில் வருகிறேன். புத்தகமெல்லாம் சேர்ந்து பெட்டி கனக்கிறது. என்னால் தூக்க முடியும், அது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்து தூக்க வேண்டும்.

உங்கள்
பூனை


செப்டம்பர் 7

அன்புள்ள எங்கள் தலைவிக்கு,

பேனாவில் எழுதுகிறேன், பார்த்துக்கொள். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து.

உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். சித்தப்பா பிழைத்த இடத்தில் மாமா எழுந்து நின்றுவிட்டார். உன் அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதுவும் தேர்வை அல்ல. கடைசி வரியை.

"பெட்டியை நான் தூக்குறேன்" என்று உடனே திருப்பிச் சொன்னார். மாமா விடவில்லை. "நான் பெத்த பொண்ணு. பெட்டி என்னோடது" என்றார். "உங்களுக்கு இருமல், பேசாம இருங்க" என்றார் இவர். "இருமல் போய் மூணு மாசமாச்சுடா!" என்று அவர் இருமிக்கொண்டே சொன்னார். இரண்டு நாளாக இதே சண்டை. எதிர்வீட்டம்மாவும் வருகிறேன் என்கிறாள். எனக்கும் ஒரு பிடி வேண்டும், ஊன்றுகோலோடு வந்தாலும் ஒரு கை சும்மாதானே இருக்கிறது?

ஆக ஆள் நாலு, பெட்டி ஒன்று. வரும் வழியில் இன்னும் மூன்று பை வாங்கி, புத்தகத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வா. நீ மட்டும் வெறுங்கையோடு இறங்கு.

அன்புடன்
அண்ணி